வட்டியும் வர வேண்டும், நல்லதும் நடக்க வேண்டும்: சமூகக் கடன் தளங்களும் பசுமைக் கடன் பத்திரமும், ஒரு விமர்சனம்

சேமிப்பில் ஒரு பகுதி நாலு பேருக்கு உதவும்படி இருக்கட்டும், அதே சமயம் போட்ட பணம் கொஞ்சம் வட்டியோடு திரும்பி வரட்டும் என்று நினைப்பவர்களுக்கு இந்தியாவில் சட்டப்படி திறந்திருக்கும் வழிகள் குறைவு. சம்பளக்காரர் ஒருவர் சில ஆயிரங்களை வைத்துக்கொண்டு நேரடியாகச் செய்யக்கூடியவை என்று பார்த்தால் முக்கியமாக மூன்று: ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற பி2பி தளங்கள் (தனிநபர் இன்னொரு தனிநபருக்கு நேரடியாகக் கடன் கொடுக்க உதவும் இணையத் தளங்கள்) வழியாகச் சிறுகடன் கொடுப்பது, மத்திய அரசின் பசுமைக் கடன் பத்திரம் (சுற்றுச்சூழல் திட்டங்களுக்காக அரசு திரட்டும் கடன்) வாங்குவது, சோஷியல் ஸ்டாக் எக்ஸ்சேஞ்சில் (சமூகப் பங்குச் சந்தை) பட்டியலாகும் பத்திரங்களில் போடுவது. மூன்றாவது பெயரால்தான் முதலீடு, பணம் திரும்பாது; ஆனாலும் பலர் குழப்பிக்கொள்வதால் சேர்த்திருக்கிறேன்.

மூன்றையும் எடைபோட இரண்டு கேள்விகள் போதும். பணம் திரும்ப வருமா? என் பணம் இல்லாவிட்டாலும் அந்த நல்ல காரியம் நடந்திருக்குமா? இரண்டாவது கேள்வியைப் பெரும்பாலான விளம்பரங்கள் தொடுவதே இல்லை. தொட்டால் ஒரு சங்கடமான உண்மை வெளியே வரும்: பணம் எங்கே மிகப் பத்திரமாக இருக்கிறதோ, அங்கே அதனால் ஆகும் கூடுதல் நன்மை மிகக் குறைவு.

ஈஎஸ்ஜி (சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் பார்த்துப் பங்கு தேர்வு செய்யும்) மியூச்சுவல் ஃபண்டுகளை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. அந்த ஃபண்டு பங்குச் சந்தையில் வாங்குவது இன்னொரு முதலீட்டாளர் விற்கும் பங்கை. நிறுவனத்துக்கு அதனால் புதிதாக ஒரு ரூபாயும் போவதில்லை. நல்ல ஃபண்டாக இருக்கலாம், இங்கே பேசும் விஷயம் அதுவல்ல.

சமூகக் கடன் தளங்கள்

இந்தத் துறையில் பழைய பெயர், 2008-ல் தொடங்கிய பெங்களூரைச் சேர்ந்த ரங் தே. தொண்டு அமைப்பாகத் தொடங்கி, பின்னர் ரிசர்வ் வங்கியின் பி2பி உரிமத்தோடு நிறுவனமாக மாறியது. 2010-ல் கடன் தளமாகப் பிறந்த மிலாப், நன்கொடை திரட்டும் பக்கம் போய்விட்டது. அமெரிக்காவின் கீவா 2005 முதல் நடக்கிறது, ஆனால் அங்கே கடன் கொடுப்பவருக்கு வட்டி கிடையாது. ஆகவே வட்டியும் வேண்டும், கடன் வாங்குபவர் விவசாயியாகவோ தையல்காரராகவோ சிறுகடை வைத்திருப்பவராகவோ இருக்க வேண்டும் என்றால் பார்க்க வேண்டிய இடம், ரிசர்வ் வங்கி 2017 அக்டோபரில் வகுத்த விதிகளுக்குள் இயங்கும் என்பிஎஃப்சி-பி2பி தளங்கள்தான் (என்பிஎஃப்சி என்றால் வங்கியல்லாத நிதி நிறுவனம்).

விதிகள் கறாரானவை. எல்லாத் தளங்களையும் சேர்த்து ஒருவர் கொடுக்கக்கூடிய கடன் 50 லட்சத்தைத் தாண்டக்கூடாது. 10 லட்சத்துக்கு மேல் போனால், நிகரச் சொத்து குறைந்தது 50 லட்சம் இருப்பதாக ஆடிட்டர் சான்றிதழ் வேண்டும். ஒரே ஆளுக்கு நீங்கள் கொடுப்பது 50,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கடன் காலம் அதிகபட்சம் 36 மாதம். அடமானம் எதுவும் கிடையாது. உங்கள் பணம் தளத்தின் கணக்குக்குப் போகாது, டிரஸ்டி நிர்வகிக்கும் எஸ்க்ரோ கணக்கு (இரு தரப்புக்கும் பொதுவான இடைக்கணக்கு) வழியாகக் கடன் வாங்குபவருக்குப் போகும், அதே மாதிரி இன்னொரு எஸ்க்ரோ வழியாகத் திரும்பி வரும். ரொக்கமாக ஒரு பைசா கைமாறக்கூடாது. தளம் மூடப்பட்டாலும் நிலுவைக் கடன்களை வசூலித்துக் கொடுப்பதற்கான ஏற்பாடு முன்கூட்டியே இருந்தாக வேண்டும்.

2024 ஆகஸ்ட் 16 அன்று ரிசர்வ் வங்கி இதை இன்னும் இறுக்கியது. அதற்கு முன் சில தளங்கள் எஃப்டி மாதிரி விற்றுக்கொண்டிருந்தன: இத்தனை சதவீதம் நிச்சயம், எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று. உள்ளே நடந்தது என்னவென்றால், வெளியேறுபவரின் இடத்தில் புதிதாக வருபவரின் பணம் போய் உட்கார்ந்தது. இப்போது அது கூடாது. உத்தரவாதம் தரக்கூடாது, உடனடியாகப் பணம் எடுக்கலாம் என்று சொல்லக்கூடாது, எஸ்க்ரோவில் வந்த பணம் அடுத்த வேலைநாளைத் தாண்டித் தங்கக்கூடாது, தளத்தின் கட்டணம் கடன் திரும்புவதைப் பொறுத்து மாறக்கூடாது. நஷ்டம் முழுவதும் கடன் கொடுத்தவருக்கே. சமூகக் கடன் கொடுக்க வருபவர் இதை நல்ல மாற்றமாகவே பார்க்க வேண்டும். ஒரு வருடக் கடனுக்கு ஒரு வருடம் காத்திருப்பதுதான் நேர்மையான கணக்கு.

கணக்குத் தொடங்குவது பெரிய வேலையில்லை. பேன், ஆதார், வங்கிக் கணக்கு சரிபார்ப்பு, அபாயங்களைப் புரிந்துகொண்டேன் என்ற உறுதிமொழி, அவ்வளவே. அடுத்த வேலைநாள் விதி இருப்பதால், முன்பு செய்தது போல பணத்தை அனுப்பி வைத்துவிட்டு நிதானமாகத் தேட முடியாது. முதலில் கடன்களைத் தேர்ந்து வைத்துக்கொண்டு பிறகு பணம் அனுப்புங்கள். கடன்காரரின் அடையாளம், கேட்கும் தொகை, வட்டி, தளம் போட்ட மதிப்பெண் ஆகியவற்றைத் தளம் காட்டியாக வேண்டும். உங்கள் அடையாளம் அவருக்குப் போகாது.

உண்மையான வேலை கடனைத் தேர்ந்தெடுப்பதில்தான் இருக்கிறது. பெரும்பாலோர் படத்தையும் கதையையும் பார்த்துத் தேர்வு செய்கிறார்கள். பார்க்க வேண்டியது, அந்தத் தொழிலில் பணம் எப்போது வரும், தவணை எப்போது விழும் என்ற இரண்டையும்.

கறவை மாட்டுக் கடனை எடுத்துக்கொள்ளுங்கள். 50,000 ரூபாய், 8 சதவீதம் குறையும் வட்டி (மீதியுள்ள அசலுக்கு மட்டும் வட்டி), 12 மாதத் தவணை. மாதம் 4,349 ரூபாய் கட்ட வேண்டும். கலப்பின மாடு சராசரியாக ஒரு நாளைக்கு 8 லிட்டர் கறக்கிறது, சொசைட்டியில் லிட்டருக்கு 35 ரூபாய் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், மாதம் 8,400. தீவனத்துக்கும் வைத்தியத்துக்கும் பாதி போனால் கையில் நிற்பது 4,200. முதல் மாதமே தவணைக்கு 149 ரூபாய் குறைகிறது. அதோடு கன்று போட்டுப் பத்து மாதம் கறந்தபின் மாடு இரண்டு மாதம் வற்றிப்போகும், அப்போது தீவனம் மட்டும் செலவாகும், வரவு இருக்காது. இந்தக் கடன் தவறினால் கடன் வாங்கியவர் நேர்மையில்லாதவர் என்று அர்த்தமில்லை. கடனை வடிவமைத்தவர் மாட்டுக் கணக்குப் போடவில்லை. அதே 50,000-ஐ 18 மாதமாக நீட்டினால் தவணை 2,957, மாதம் 1,243 மிச்சமாகும், வற்றும் காலத்துக்கு அது கை கொடுக்கும்.

பயிர்க் கடனுக்கு மாதத் தவணை போட்டிருந்தால் அதைத் தொடாதீர்கள். அறுவடைக்குப் பின் மொத்தமாக, அல்லது இரண்டு மூன்று தவணையாக வசூலிக்கும் கடனே நெல்லுக்கும் மஞ்சளுக்கும் பொருந்தும். தையல், இட்லி மாவு, காய்கறி வண்டி, சலூன் போன்ற தினசரி வருமானத் தொழிலுக்கு மாதத் தவணை சரியாக உட்காரும். மாட்டுக் கடன் என்றால் இன்சூரன்ஸ் இருக்கிறதா, காதில் டேக் அடித்திருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு மாடு செத்தால் கடன் மொத்தமும் நின்றுவிடும்.

இப்போது வருமானம். 1 லட்சத்தை 2,000 வீதம் 50 பேருக்கு, 8 சதவீதம், 12 மாதத் தவணையில் கொடுக்கிறீர்கள். எல்லோரும் ஒழுங்காகக் கட்டினால் வருடம் முடிவில் கிடைக்கும் மொத்த வட்டி 4,386 ரூபாய். 8,000 அல்ல. முதல் மாதத்திலிருந்தே அசல் கரைந்து திரும்பி வருவதால் சராசரியாகப் பாதிப் பணம்தான் வேலை செய்கிறது. திரும்பி வரும் தவணைகளை மாதா மாதம் மறுபடி கடனாகப் போட்டால்தான் 8 சதவீதத்தை நெருங்க முடியும். வந்த பணம் சேமிப்புக் கணக்கில் தூங்கினால் அது வெறும் கனவு.

அடுத்து, 50 பேரில் 2 பேர் ஒரு தவணையும் கட்டாமல் போகிறார்கள் என்று வையுங்கள். அசலில் 4,000 போயிற்று. மற்ற 48 பேர் தரும் வட்டி 4,211. மிச்சம் 211 ரூபாய். ஆனால் வருமான வரி 211-க்கு இல்லை, 4,211-க்கு. இந்த வட்டி இதர வருமானம் என்ற தலைப்பில் வரும், கடன் கொடுப்பதைத் தொழிலாகச் செய்யாத தனிநபர் வாராக்கடனை அதில் கழித்துக்கொள்ள வழியில்லை. 20 சதவீத வரம்பில் இருப்பவருக்கு செஸ்ஸோடு சேர்த்து 876 ரூபாய் வரி. ஆக, 665 ரூபாய் நஷ்டம். தளக் கட்டணம் 1 சதவீதம் என்றால் இன்னொரு 1,000 போகும். நூற்றுக்கு நாலு பேர் தவறினால் 8 சதவீதம் முழுவதும் ஆவியாகிவிடுகிறது.

அதே 2 பேர் ஆறு மாதம் கட்டிவிட்டுப் பிறகு நிறுத்தினால் கதை வேறு. அசல் இழப்பு 2,040 ஆகக் குறைகிறது, வரிக்குப் பின்னும் ஏறக்குறைய 1,400 ரூபாய் கையில் நிற்கிறது. எத்தனை பேர் தவறுகிறார்கள் என்பதோடு எந்த மாதத்தில் தவறுகிறார்கள் என்பதும் பெரிய விஷயம். முதல் மூன்று தவணைக்குள் நின்றுபோகும் கடன்கள் அதிகமுள்ள தளத்தில் கடன் கேட்பவரைச் சரியாக விசாரிக்கவில்லை என்று பொருள். பின்மாதங்களில் நின்றால் பெரும்பாலும் காரணம் மழை, மருத்துவச் செலவு, பிழைப்பு தேடி வெளியூர் போனது போன்றவை.

தளங்கள் தங்கள் கடன்களின் நிலையை மாதா மாதம் இணையதளத்தில் வெளியிட வேண்டும், கடன் கொடுத்தவர்கள் அடைந்த நஷ்டத்தையும் சேர்த்து. அதைத் தேடிப் படியுங்கள். முகப்பில் பெரிதாகப் போடும் திரும்பச் செலுத்தும் விகிதத்தை நம்ப வேண்டாம். வேகமாக வளரும் தளத்தில் நேற்றுக் கொடுத்த கடன்கள் எல்லாம் இன்னும் தவறவில்லை என்பதால் அந்த எண் எப்போதும் அழகாகத் தெரியும். சரியான கேள்வி இது: பதினைந்து மாதத்துக்கு முன் ஒரே காலாண்டில் கொடுத்த கடன்களில் இன்றைக்கு எத்தனை ரூபாய் 90 நாளுக்கு மேல் நிலுவை? இதற்கு நேரடியாகப் பதில் தராத தளத்தில் சோதனைத் தொகைக்கு மேல் போட வேண்டாம்.

பிரித்துப் போடுவது என்றால் ஆளைப் பிரிப்பது மட்டும் போதாது. ஐம்பது பேரும் ஒரே ஊர், ஒரே தொண்டு நிறுவனம் மூலம் வந்தவர்கள் என்றால் அது ஐம்பது கடன் அல்ல, ஒரே கடன். வெள்ளம் வந்தால் ஐம்பதும் நிற்கும். களத்தில் வசூல் பார்க்கும் ஊழியர் வேலையை விட்டுப் போனாலும் நிற்கும், இது அடிக்கடி நடப்பது. 2010 அக்டோபரில் ஆந்திர அரசு மைக்ரோ ஃபைனான்ஸ் நிறுவனங்களுக்கு எதிராக அவசரச் சட்டம் கொண்டுவந்தபோது அந்த மாநிலத்தில் வசூல் ஏறக்குறைய முற்றாக நின்றுபோனது. கட்டும் வசதி உள்ளவர்களும் கட்டுவதை நிறுத்தினார்கள், பக்கத்து வீட்டுக்காரர் கட்டவில்லை என்றால் நான் மட்டும் ஏன் கட்ட வேண்டும் என்பதால். குறைந்தது மூன்று மாநிலம், நாலைந்து கள அமைப்புகள் (கடன் கேட்பவர்களைத் தளத்துக்குக் கொண்டுவரும் தொண்டு நிறுவனங்கள்), நாலைந்து தொழில்கள் என்று பரப்புங்கள்.

இவ்வளவு தலைவலிக்குப் பிறகு இரண்டாவது கேள்விக்கு வருவோம். என் பணம் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? இங்கேதான் சமூகக் கடன் மற்ற இரண்டையும் விட உயர்ந்து நிற்கிறது. காய்கறி வண்டிக்காரர் வாங்கும் தண்டலைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 10,000 என்று எழுதி 9,000 கையில் கொடுத்து, தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் வசூல். வெறும் ஆயிரம் ரூபாய்தானே என்று தோன்றும். அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதால் ஆண்டு வட்டியாகப் பார்த்தால் அது ஏறக்குறைய 78 சதவீதம். அதே ஆள் 10,000-ஐ 10 சதவீதக் குறையும் வட்டியில் வாங்கி ஒரு வருடத்தில் கட்டினால் மொத்த வட்டி 550 ரூபாய். தண்டலில் நூறு நாளுக்கு ஆயிரம் என்றால், வருடத்துக்கு மூன்று நான்கு முறை சுற்றுகிறார். அந்த வித்தியாசம் அவர் வீட்டில் தங்குகிறது. அது போக, பி2பி தளம் எல்லாக் கடன்களையும் கிரெடிட் பீரோவுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்பதால், முதல் முறையாக அவர் பெயரில் ஒரு கடன் வரலாறு உருவாகிறது. நாளைக்கு வங்கிக்குப் போனால் அது பேசும்.

ஆனால் எல்லா இடத்திலும் இப்படி இல்லை. தமிழ்நாட்டில் 1989-ல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழு இயக்கம் இன்று ஊருக்கு ஊர் வேர்விட்டிருக்கிறது. தேசிய ஊரக வாழ்வாதாரத் திட்டத்தின் கீழ் குழுக்களுக்கு 3 லட்சம் வரை 7 சதவீத வட்டியில் வங்கிக் கடன் உண்டு. ஒழுங்காக நடக்கும் குழுவில் உறுப்பினராக இருக்கும் ஒருவருக்கு 12 சதவீதத்தில் தளக் கடன் கொடுத்துவிட்டு அதைச் சமூகப் பயன் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. குழு கிடைக்காதவர்கள், குடியேறித் தொழில் செய்பவர்கள், கைத்தறிக் குடும்பங்களில் குழுக் கடன் வரம்பைத் தாண்டி மூலப்பொருள் வாங்க வேண்டியவர்கள், பழங்குடி மாவட்டங்கள்: உங்கள் ரூபாய் வேலை செய்யும் இடங்கள் இவை. கடன் பக்கத்தில் கடன்காரர் மொத்தமாகக் கட்டும் விகிதம், அதாவது வட்டியோடு தளக் கட்டணம், கள அமைப்பின் கட்டணம், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்த விகிதம், தெளிவாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். உங்களுக்கு வரும் 6 சதவீதம் அவருக்கு 18 ஆக மாறியிருந்தால் நடுவில் யாரோ நன்றாக வாழ்கிறார்கள்.

என் தீர்ப்பு: மொத்தச் சேமிப்பில் 3 முதல் 5 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். முதல் வருடம் 20,000, பத்துக் கடன்களுக்கு மேல் பரப்பி. வரிக்கும் தவறுதலுக்கும் பின் பணவீக்கத்தைத் தாண்டினால் நல்ல வருடம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 12, 14 என்று ஆசை காட்டும் தளம் சமூகக் கடன் தளமாக இருக்காது, நகரத்துத் தனிநபர் கடனை விற்றுக்கொண்டிருக்கும். வெளிநாட்டில் இருப்பவர்கள் கவனிக்க: இந்தத் தளங்களில் நாடு கடந்த பணப் பரிமாற்றத்துக்கு விதி இடம் கொடுப்பதில்லை.

அரசின் பசுமைக் கடன் பத்திரம்

இது நேர் எதிர். பணம் திரும்புமா என்ற கேள்விக்கே இடமில்லை, கடன் வாங்குவது மத்திய அரசு. 2022 நவம்பரில் இதற்கான நெறிமுறை வெளியானது, 2023 ஜனவரி 25 அன்று முதல் ஏலம்: 8,000 கோடி, ஐந்து வருடத்துக்கு 7.10 சதவீதம், பத்து வருடத்துக்கு 7.29 சதவீதம். பிப்ரவரியில் இன்னொரு 8,000 கோடி. பிறகு 2054 வரை ஓடும் 7.37 சதவீதப் பத்திரமும் வந்தது. வட்டி ஆறு மாதத்துக்கு ஒருமுறை. 7.10 பத்திரத்தில் 10,000 ரூபாய் முகமதிப்புக்கு 355 ரூபாய் கணக்கில் விழும், டிடிஎஸ் பிடித்தம் இல்லாமல். வரி உண்டு, நீங்களே கணக்கில் காட்ட வேண்டும்.

வாங்கும் இடம் ரிசர்வ் வங்கியின் ரீடெய்ல் டைரக்ட் தளம். 2021 நவம்பர் 12 அன்று திறந்தது, 2024 மே முதல் மொபைல் செயலியும் இருக்கிறது. கணக்குத் தொடங்கவும் வைத்திருக்கவும் கட்டணம் இல்லை. பேன், ரூபாய் சேமிப்புக் கணக்கு, ஆதாரோடு இணைந்த மொபைல் எண், மின்னஞ்சல், நாமினி விவரம் வேண்டும். பேன், ஆதார், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கட்டும். இனிஷியலை ஒரு இடத்தில் முன்னாலும் இன்னொரு இடத்தில் விரித்தும் எழுதியிருந்தால், தமிழ்நாட்டுப் பெயர்களுக்கு வழக்கமாக வரும் அந்தச் சிக்கலில் விண்ணப்பம் மாட்டிக்கொள்ளும். முதலில் அதைச் சரிசெய்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

ஏலத்தில் வட்டி விகிதத்தை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. போட்டியற்ற ஏலக் கேட்பாக 10,000-ன் மடங்குகளில் தொகை மட்டும் குறிப்பிட்டால் போதும், பெரிய வங்கிகள் போட்டி போட்டு முடித்த சராசரி விலையில் உங்களுக்குக் கிடைக்கும். விலை முன்கூட்டித் தெரியாததால் கொஞ்சம் கூடுதலாகப் பணம் வாங்கிக்கொண்டு மீதியைத் திருப்பித் தருவார்கள். பசுமை ஏலம் எல்லா வாரமும் நடப்பதில்லை. அரையாண்டுக் கடன் அட்டவணை வெளியாகும்போது அதில் எஸ்ஜிஆர்பி (பசுமைப் பத்திரத்தின் ஆங்கிலச் சுருக்கம்) என்று இருக்கிறதா என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

சந்தையில் வாங்குவது அதே தளத்தில் என்டிஎஸ்-ஓஎம் என்ற அரசுப் பத்திர மின்னணுச் சந்தை வழியாக. இங்கே இரண்டு இடறல்கள் உண்டு. ஒன்று, கடைசி வட்டித் தேதியிலிருந்து வாங்கும் நாள் வரை சேர்ந்த வட்டியை விற்பவருக்கு நீங்கள் கொடுக்க வேண்டும், திரையில் காட்டும் விலையில் அது இருக்காது. இன்னொன்று, சிறு தொகைக்கு விற்பனை மந்தம். பசுமைப் பத்திரங்களைப் பெரும்பாலும் வங்கிகளும் இன்சூரன்ஸ் நிறுவனங்களும் வாங்கி முதிர்வு வரை வைத்துக்கொள்கின்றன, சிறு அளவில் கைமாறுவது அபூர்வம். அவசரத்துக்கு 20,000 ரூபாய் பத்திரத்தை விற்கப் போனால் நல்ல விலை வருவதற்குக் காத்திருக்க வேண்டும். முதிர்வு வரை வைத்திருக்கும் பணத்தை மட்டும் போடுங்கள். 2054 பத்திரத்தை வட்டி கொஞ்சம் அதிகம் என்று எடுப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: சந்தை வட்டி 1 சதவீதம் ஏறினால் அதன் விலை நூற்றுக்கு 11, 12 ரூபாய் இறங்கும். 2028 பத்திரத்துக்கு அந்த ஆபத்து மிகச் சிறிது. முதிர்வுக்கு முன் லாபத்தில் விற்றால், 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் 12.5 சதவீத மூலதன ஆதாய வரி.

பணம் எங்கே போகிறது? இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போய், அங்கிருந்து தகுதியுள்ள திட்டங்களுக்கு ஒதுக்கப்படுகிறது. தலைமைப் பொருளாதார ஆலோசகர் தலைமையிலான குழு திட்டங்களைத் தேர்வு செய்கிறது. அணுமின் நிலையம், 25 மெகாவாட்டைத் தாண்டிய நீர்மின் நிலையம், குப்பையை நேரடியாக எரிக்கும் ஆலை ஆகியவற்றுக்கு இடமில்லை. நார்வேயைச் சேர்ந்த மதிப்பீட்டு அமைப்பான சிசெரோ இந்த நெறிமுறைக்குக் கொடுத்த தரம் நடுத்தரப் பச்சை. முதல் ஆண்டு ஒதுக்கீட்டில் பெரும் பங்கு தூய்மைப் போக்குவரத்துக்குப் போனது.

இந்த வெளிப்படைத்தன்மை பாராட்டத்தக்கது. ஆனால் இரண்டாவது கேள்வியைக் கேட்டால் பதில் பலவீனமாக இருக்கிறது. எடுத்துக்காட்டாக, மின்சார ரயில் இன்ஜின் வாங்கும் செலவு பட்ஜெட்டில் ஏற்கெனவே இருக்கிறது. பசுமைப் பத்திரம் விற்காவிட்டால் அரசு சாதாரணப் பத்திரம் விற்று அதே இன்ஜினை வாங்கும். கூடுதலாக நடப்பது, அரசுக்குச் சற்றுக் குறைந்த வட்டியில் பணம் கிடைப்பது. முதல் ஏலத்தில் அந்த வித்தியாசம் 5, 6 அடிப்படைப் புள்ளிகள், அதாவது 1 லட்சத்துக்கு வருடம் 50, 60 ரூபாய். 2024-ல் வங்கிகள் அந்தச் சலுகையைக்கூடத் தர மனமில்லாமல் போய், அறிவித்த தொகை முழுவதும் சந்தையில் போகாத ஏலங்களும் நடந்தன. சந்தையில் இன்னொருவரிடமிருந்து வாங்கும்போது அரசுக்கு அதுவும் போவதில்லை. எனவே இதில் போடுவதாக இருந்தால் ஏலத்திலேயே கேளுங்கள்.

ஆனாலும் இதைப் பரிந்துரைக்கிறேன், நீண்ட காலச் சேமிப்பின் பாதுகாப்பான பங்குக்கு. எஃப்டியில் கிடக்கப்போகும் பணத்துக்கு இது நல்ல மாற்று. எஃப்டிக்கு வங்கி திவாலானால் 5 லட்சம் வரைதான் காப்பீடு, இதில் அந்த வரம்பு இல்லை. அந்தக் காரணத்துக்காக வாங்குங்கள். பச்சை நிறத்துக்காக மட்டும் என்றால் பலன் சிறியது என்று தெரிந்து வாங்குங்கள்.

சோஷியல் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச்

2019 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டு என்எஸ்இ, பிஎஸ்இ இரண்டிலும் தனிப் பிரிவாக வந்திருக்கிறது. தொண்டு நிறுவனங்கள் இதில் வெளியிடுவது ஜீரோ கூப்பன் ஜீரோ பிரின்சிபல் பத்திரம். வட்டியும் கிடையாது, அசலும் திரும்பாது. விற்கவும் முடியாது. பெயரில் பத்திரம் என்று இருந்தாலும் கைக்குத் திரும்பி வருவது எதுவும் இல்லை என்பதை விண்ணப்பிக்கும் முன் வீட்டில் எல்லோருக்கும் தெரியப்படுத்துங்கள். டீமேட் கணக்கில் தெரிவதால் முதலீடு என்று நினைத்துவிடுபவர்கள் இருக்கிறார்கள்.

முதல் வெளியீடு 2023-ன் பிற்பகுதியில், பெங்களூரின் எஸ்ஜிபிஎஸ் உன்னதி ஃபவுண்டேஷன், அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு வேலைப் பயிற்சி கொடுக்க 2 கோடி கேட்டது. அப்போது குறைந்தபட்ச விண்ணப்பத் தொகை 2 லட்சமாக இருந்தது, பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி அதை 10,000 ஆக்கி, 2025 மார்ச்சில் 1,000 ஆகக் குறைத்துவிட்டது. கேட்ட தொகையில் 75 சதவீதம்கூடத் திரளாவிட்டால் பணம் திரும்பக் கிடைக்கும்.

நன்கொடையாகப் பார்த்தால் இது தெருவில் ரசீது எழுதிக் கொடுப்பதைவிடப் பல மடங்கு மேல். என்ன செய்வோம், எத்தனை பேருக்கு, எந்தத் தேதிக்குள் என்று ஆவணத்தில் எழுதிக் கொடுக்கிறார்கள், ஆண்டுதோறும் தாக்க அறிக்கை வெளியிட வேண்டும், அதைச் சமூகத் தாக்க மதிப்பீட்டாளர் சரிபார்க்க வேண்டும். வருடம் தவறாமல் நன்கொடை கொடுப்பவர்கள் அந்தப் பணத்தை இங்கே திருப்புங்கள். புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு நன்கொடைக்கான வரிக் கழிவு (80ஜி) இல்லை, அதை எதிர்பார்த்துப் போட வேண்டாம்.

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்

சமூக முதலீடு, கிராம வளர்ச்சி, பசுமைத் திட்டம் என்ற பெயர்களில் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் திட்டங்கள் வேறு ரகம். ஆடு வளர்ப்பில் பங்கு, தேக்கு மரத்தில் பங்கு, சோலார் பேனலில் மாத வாடகை என்று வரும். கடன் தளம் என்று சொன்னால் ரிசர்வ் வங்கி இணையதளத்தில் உள்ள என்பிஎஃப்சி-பி2பி பட்டியலில் நிறுவனத்தின் முழுச் சட்டப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். செயலியின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் வேறாக இருக்கும், எனவே செயலியின் அடியில் சிறிய எழுத்தில் உள்ள பெயரைத் தேட வேண்டும். பணம் கேட்கும் கணக்கின் பெயரில் எஸ்க்ரோ என்ற சொல் இல்லாமல் யாரோ ஒரு தனிநபரின் யுபிஐ எண் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். மாதம் இத்தனை நிச்சயம் என்று எழுத்தில் கொடுத்தால் அதுவே விதிமீறலுக்கான சான்று, ஸ்கிரீன்ஷாட் எடுத்து ரிசர்வ் வங்கியின் சசேத் தளத்தில் புகார் கொடுக்கலாம். தமிழ்நாட்டில் ஏற்கெனவே பணம் போட்டு மாட்டிக்கொண்டவர்களுக்கு 1997-ன் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. புகார் பொருளாதாரக் குற்றப் பிரிவுக்குப் போக வேண்டும், ரசீது, வங்கிப் பரிமாற்ற விவரம், ஏஜென்ட் அனுப்பிய செய்திகள் மூன்றையும் அச்செடுத்துக் கையோடு கொண்டுபோங்கள்.